நாள் மாறாத வேலை

மடிக்கணினியில், அட்டவணை போடும் மென்பொருளில், அவள் இரண்டு ஆளை நாலாக்கியதும், பதினாறு நாள் வேலை எட்டு நாளாகச் சுருங்கியது. பின்னால் நின்று பார்த்த எனக்கு வயிறு எரிந்தது. சுனாமிக்கு அடுத்த வருடம், தேற்றாத்தீவுப் பக்கம் வீடு கட்டிக்கொடுத்த திட்டமொன்றில் வேலை அட்டவணை போடுகிறவன் நான்தான். அடிமட்டமும் பென்சிலுமாக இரண்டு நாள் மினக்கெட்டு நான் கீறுவதை, வாழைச்சேனையிலிருந்து புதிதாக வந்த திட்ட உத்தியோகத்தர் தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடுவாள். பொறியியலாளர் என்னைக் கூப்பிடுவதையே மறந்துபோனார்.

பழகிக்கொள்ளும் சாட்டில் பின்னேரங்களில் அவளுடைய அட்டவணையைத் திறந்து பிழை தேடினேன். அவளோ நான் படிக்க ஆசைப்படுகிறேன் என்று நம்பிப் பொறுமையாகச் சொல்லித்தந்தாள். “சில வேலைக்கு ஆளக் கூட்டினா நாள் குறையும் அண்ணன். சில வேலைக்கு எத்தின பேர் வந்தாலும் நாள் மாறாது. எது எந்த வகையெண்டு நாமதான் சொல்லிக் குடுக்கணும். இதுக்குத் தெரியாது.”

மாரி நெருங்கியது. சனம் இன்னும் கூடாரத்தில். ஆட்களை இரட்டிப்பாக்கச் சொன்னார் பொறியியலாளர். அவள் எல்லா வரியிலும் இரட்டிப்பாக்கினாள். கொங்கிறீட் பீமுக்குத் தண்ணீர் ஊற்றி இறுகவிடும் வரியும் அதில் அகப்பட்டது. பதினாலு நாள் ஏழாகியது. நாள் மாறாத வேலை என்று குறிக்க மறந்திருந்தாள். அன்று பின்னேரமே கண்டேன். பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலிருந்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் சொல்லலாமென்று வாயை மூடிக்கொண்டேன். பீமைத் தாங்கிநின்ற முட்டுகளைக் கழற்றும் நாள் வியாழன் என்பதும், இறுகாத பச்சைப் பீமுக்குக் கீழே ஆட்கள் நிற்பார்கள் என்பதும் எனக்குத் தெரியாமலில்லை. வியாழன் காலையிலும் நான் சொல்லவில்லை.

காத்தான்குடி ஓடாவியார்தான் முட்டில் கைவைக்க மறுத்தார். பீமுக்குப் பலகை அடித்த தச்சர் அவர். நாள் கணக்கு அவருடைய விரலில் இருந்தது. “மகள், நாலு பேர் தண்ணி ஊத்தினா கொங்கிறீட் அவசரப்படுமா? அது தன்ட நாளை எடுக்கும்” என்று அவளிடம் சொன்னாராம்.

இதை அடுத்த நாள் கூட்டத்தில் சொன்னவள் அவளேதான். “பிழை என்னுடையதுதான் சேர்” என்று எழும்பி நின்று சொன்னாள். பிறகு என் பக்கம் கையைக் காட்டினாள். “அண்ணன் ஒவ்வொரு நாளும் இத வரிவரியாப் பாக்கிறவர். அவர்ட கண்ணுக்கே தப்பியிருக்கு எண்டா, எவ்வளவு சின்னப் பிழை பாருங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “ஓம், நான் கவனிக்கல்ல” என்றேன். இன்று அந்த மென்பொருளில் அவளைவிட எனக்குக் கை பழகிவிட்டது என்று சொல்வார்கள். ஆனாலும் அவள்மீது பொறாமை தீரவில்லை. அன்று அவள் தன் பிழையைச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து, நிம்மதியாகத் தேநீர் குடித்தாள்.