கைக்கு எடுத்த பாலிசி

ஊரப்பாக்கம் ஸ்டேஷன் ரோட்டில் பிரபாவதி பியூட்டி பார்லர் நடத்துகிறாள். பக்கத்துக் கடையில் நான் பிளவுஸ் தைக்கிறேன். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. மாமல்லபுரம் ரிசார்ட் கல்யாணங்களுக்குக்கூட மேக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள்.

பார்லருக்கு இன்சூரன்ஸ் எடுக்கப் போகிறேன் என்று அவள் சொன்னதுதான் தாமதம், நாத்தனார் வீட்டுக்காரர் சதாசிவம் வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் ஏஜென்ட். தீ, திருட்டு, மழைத்தண்ணீர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பாலிசி கொண்டுவந்திருந்தார்.

"அண்ணா, கடை எரிஞ்சா டப்பு வரும். நான் தலைக்குப் போட்ட டையில ஒரு பொண்ணு மூஞ்சி எரிஞ்சு வீங்கிச்சுன்னா?"

"இன்னாம்மா, வாயில நல்ல வார்த்தையே வராதா? உன் கையில அப்படி எதுனா ஆயிருக்குதா?"

"ஆவல. ஆவறதுக்கு முன்னாடிதான கேக்கணும்? நான் வெளியூர் மண்டபத்துல வேலை செஞ்சாலும் அது செல்லணும்."

அவரிடம் அப்படி ஒன்று இல்லை. வேறொரு கம்பெனியில் இருந்தது. பிரீமியமும் அதிகம், கெடுபிடியும் அதிகம். டை போடுவதற்கு முன் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி, அரிப்பு வருகிறதா என்று ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டுமாம். பிரபா அதையே எடுத்தாள். சதாசிவம் சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டி ஒப்பாரி வைத்தார். சொந்தக்காரரைப் பகைத்துக்கொண்டு காசையும் அதிகமாகக் கட்டுகிறாளே என்று எனக்கும் அவள்மேல் கோபம்தான்.

அந்த வாரமே ஒரு கல்யாண ஆர்டர் பேச வந்தார்கள். அது கிடைத்தால் இந்த சீசனைத் தள்ளிவிடலாம். மணப்பெண் விஷாகாவோடு அவள் அம்மா ருக்மிணியும் வந்திருந்தார். டை இன்றைக்கே போட வேண்டும் என்றார் அம்மா. பிரபா டெஸ்ட், பாலிசி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"இன்சூரன்ஸா? அப்போ ஏற்கெனவே யாருக்கோ என்னமோ ஆயிருக்கு" என்று ருக்மிணி மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

"ஒரு நாள் அந்த டெஸ்டை விட்டாத்தான் என்னடி?" என்றேன்.

"வுட்டுட்டு அந்தப் பொண்ணு தலையில எப்படிக்கா கை வெப்பேன்?" என்று சீப்புகளைக் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் காலை விஷாகா தனியாக வந்து நின்றாள்.

"நேத்து வேற பார்லருக்குப் போனோம்க்கா. என் முகத்துக்கு ஏதாவது ஆனா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். அந்தம்மா சிரிச்சாங்க." முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினாள். "தடவுங்க. அம்மாவ நான் பாத்துக்கறேன்."

பிரபா சிரிக்கவில்லை. "உக்காரும்மா" என்று நாற்காலியைத் திருப்பினாள்.