சீமோனாக வந்த காதர் பாய்

பங்குக் கோயில் ஹாலில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது காதர் பாயின் மகன் போன் செய்தார். காலையில் அத்தா மௌத்தாகிவிட்டார், மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார். இயேசுவின் அங்கியைக் கழற்றி மடித்தேன். மடிப்பு சரியாக வரவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ராயபுரத்தில் எங்கள் பங்கு மக்கள் ஒவ்வொரு பெரிய வெள்ளியன்றும் இயேசுவின் பாடுகளை இசை நாடகமாக நடத்துகிறோம். பல வருடங்களாக இயேசு நான்தான். சிலுவையோடு இயேசு விழும்போது, வழியே போகும் சீமோனைப் படைவீரர்கள் பிடித்திழுத்துச் சுமக்க வைப்பார்கள். ஒரு வருடம் சீமோன் வேடக்காரர் வரவேயில்லை. திகைத்துப்போன எங்கள் படைவீரர்கள், கூட்டத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை நிஜமாகவே இழுத்து வந்துவிட்டார்கள். தண்டையார்பேட்டை கோடவுன் ஒன்றில் மூட்டை தூக்கும் காதர் பாய் அவர். தரையில் கிடந்த என்னிடம் குனிந்து, "பாரம் ஜாஸ்தியா கீதா தம்பி?" என்று கேட்டார். பிறகு சிலுவையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டார்.

அடுத்த வருடத்திலிருந்து அவர்தான் சீமோன். அவருக்கென்று நான்கு வரிப் பாட்டும் எழுதினோம். தவக்காலம் தொடங்கினால் நாங்கள் கறி மீன் தொடமாட்டோம், நான் தாடி வளர்ப்பேன், தினமும் ஒத்திகை உண்டு. பாய் மட்டும் ஒரு நாளும் எட்டிப் பார்க்க மாட்டார். கேட்டால் நியாயம் வைத்திருப்பார்.

"அந்த சீமோனுக்கு இன்னா தெரியும்? வேலைய முட்சிகினு வூட்டுக்குப் போய்கினு இருந்தான், இஸ்துகினு வந்தாங்க. நானும் அப்டியே வரேன்."

வேலைத் துண்டோடு கூட்டத்தில் வந்து நிற்பார். இழுத்தால் திமிறுவார், படைவீரர்களுக்கு வியர்த்துவிடும். ஆனால் பாட்டில் சுருதி பிசகாது. மனுஷனுக்குப் பிறவி ஞானம் என்று நினைத்துக்கொண்டோம்.

ஒரு வருடம் பெரிய வெள்ளி ரம்ஜான் நோன்புக்குள் வந்தது. தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலில் நிற்பாரே என்று, நான் பெரிய புத்திசாலியாக ஒரு காரியம் செய்தேன். பிளைவுட்டில் உள்ளே வெற்றான சிலுவை ஒன்றைச் செய்வித்து, பழைய நிறத்தையே பூசச் சொன்னேன். அவரிடம் சொல்லவில்லை. தோளில் வைத்ததும் திரும்பி என்னைப் பார்த்தார். கடைசிவரை சுமந்தார், பாடவில்லை. நோன்பு திறக்க நான் நீட்டிய பேரீச்சம்பழத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னார்: "நோன்பு எனக்கு. ஒனக்கு இன்னாத்துக்கு பயம்? காலி மரத்த தூக்க நான் எதுக்கு தம்பி?"

மறுவருடம் அழைத்தபோது வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டார். நல்லதுக்குத்தானே செய்தேன் என்று எனக்கும் கோபம். இந்த வருடம் கனத்த மரத்தில் புதுச் சிலுவை செய்தாயிற்று. நேரில் போய் மன்னிப்புக் கேட்டு அழைக்க வேண்டும் என்று நினைத்தேன். இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிப்போட்டேன்.

அவர் வீட்டுச் சந்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். மகன் பக்கத்தில் வந்தார். வருடா வருடம் எங்கள் தவக்காலம் தொடங்கியதும் அத்தா வீட்டில் அந்தப் பாட்டை உட்கார்ந்து பழகுவாராம், அம்மாதான் தப்பைத் திருத்துவாராம். எங்களிடம் மூச்சு விடக் கூடாது என்று கண்டிப்பாம்.

"இந்த வருசமும் பாடிகினுதான் இருந்தாரு. நீங்க வந்து கூப்புடுவீங்கன்னு."

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கரகரத்த குரலை ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருந்தது.

பாயை வைத்த ஜனாஸாவைத் தூக்கினார்கள். மகன் கூட்டத்துக்குள் கையை விட்டு என்னை இழுத்து, முன்பக்கத்துத் தோளாக நிறுத்தினார். நாற்பது அடி நடந்திருப்பேன். எல்லோருக்கும் முறை வர வேண்டுமல்லவா, அடுத்தவர் வந்து தோள் கொடுத்தார். நான் விலகி நின்றேன். அவர்கள் தெருமுனை திரும்பினார்கள்.

போய் வாருங்கள், பாய். இன்னும் கொஞ்ச தூரம் நான் தூக்கியிருப்பேன்.