முத்துலட்சுமி அக்கா கம்பி போடவில்லை

அக்கா இறந்த செய்தி நம் கீசர் சர்வீஸ் அலுவலக வாட்ஸப் குழுவில்தான் எனக்கு வந்தது. ஆரியசாலை லாட்ஜில் வெந்நீர் பாய்லர் வெடித்து மெக்கானிக் பலி. அதற்குக் கீழேயே நம்மில் ஒருவர், "இவளே கம்பி போட்டு டைரக்ட் ஆக்கியிருப்பா, எப்பவும் அவசரம்" என்று எழுதினார். உங்களில் பலர் ஆமாம் போட்டீர்கள். முத்துலட்சுமி அக்காவோடு வேலை செய்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அக்கா சண்டைக்காரிதான். ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டுக்கு ரிப்போர்ட் எழுத நானும் போயிருந்தேன். குளியலறைக் குழாயில் ஆவி சீறியது. அக்கா மின்சாரத்தை அணைத்துவிட்டு கீசர் மூடியைக் கழற்றினார். சூடு ஏறியதும் மின்சாரத்தை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அது தவறினாலும் காக்க வேண்டியது கட்-அவுட் சுவிட்ச். அது அடிக்கடி விழுந்து மின்சாரம் நின்றுவிடுகிறது என்று, வீட்டு மருமகன் அதன் இரு முனைகளையும் கம்பியால் இணைத்திருந்தார். அக்கா கம்பியைப் பிடுங்கினார். தெர்மோஸ்டாட்டைத் தரையில் வைத்துச் சுத்தியலால் நொறுக்கினார். மருமகன் பாய்ந்து அவர் கையை முறுக்கினார். அக்கா முழங்கையால் இடித்ததில் மருமகனின் உதடு கிழிந்தது.

"புதுசு வர்ற வரைக்கும் ஓடட்டும்னுதானே சொன்னேன்!"

"ஓடாது சாரே, பறக்கும். உங்க பிள்ளைக்கு தோல் உரியும். ரத்தத்தைத் தொடச்சிட்டு இந்த ரிப்போர்ட்டுல ஒப்பு போடுங்க."

நம் மேனேஜர் விசாரித்தபோது நான் தரையைப் பார்த்து நின்றேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். ஆனாலும் நாலு பேர் முன் நாக்கு எழாது. அக்காவை ஒரு வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். வெளியே வந்ததும், "வாயைத் தொறந்தா உனக்கும் ஆவி வருமோ, மக்ளே?" என்று அக்கா சிரித்தார்.

இறந்த அன்று காலை அக்கா லாட்ஜ் மாடியிலிருந்து எனக்குத்தான் போன் செய்தார். "இங்கயும் கட்-அவுட்டுல கம்பி, மக்ளே. பழைய கம்பி, கரிஞ்சு கெடக்கு. பாய்லர் விம்முது. மெயின் பெட்டி பூட்டியிருக்கு. போனை வைக்காத, கேட்டியா?"

லாட்ஜ் மேலாளரின் குரல் குறுக்கிட்டது. "கல்யாணக்காரங்க குளிச்சு முடியட்டும், அப்புறம் தொறக்கலாம்."

"சாவியைத் தாடா!"

அக்காவின் கன்னத்தில் ஓர் அடி விழுந்த சத்தம். அடுத்து அக்கா கதவுகளை உதைக்கும் சத்தம். "எறங்குங்க! துணி கெடக்கட்டும், எறங்குங்க!" குழந்தைகள் அலறின. "கடைசி ரூம் தொறக்க மாட்டேங்குது" என்றார். அப்போதுதான் வெடித்தது.

கல்யாண வீட்டார் அத்தனை பேரும் உயிரோடு இருக்கிறார்கள். அந்தக் கடைசி அறையில் யாருமே தங்கியிருக்கவில்லை.

நேற்று காவல் நிலையத்தில் இதையெல்லாம் சொல்லிக் கையெழுத்திட்டேன். அந்த லாட்ஜ் மேலாளர் எதிரே உட்கார்ந்து என்னையே முறைத்தான். நான் நிறுத்தவில்லை. நீங்களும் குழுவில் எழுதியதை அழித்துவிடுங்கள்.

வாழ்நாளெல்லாம் திருப்பி அடித்தவர், அன்று ஒருவனை அடிக்காமல் விட்டுவிட்டு ஓடினார். அந்த ஓட்டத்தின் காலடிச் சத்தம் என் காதில் இருக்கிறது.