மீனுக்கும் உண்டு அரைப்பேர்

துரைமார் வளர்க்கும் பிராணிக்கு ஊழியம் பார்த்து, அது தும்மினால் தமக்குக் காய்ச்சல் கண்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நாயும் குதிரையும் மேய்த்த நீங்கள் கொடுத்து வைத்தவர்கள், நான் மேய்த்தது மீன்.

இலங்கை மலைநாட்டில், ஸ்பிரிங்வெளிப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரைக்குப் பவளப்பாறை மீன் என்றால் பைத்தியம். மட்டக்களப்பிலிருந்து கடல் தண்ணீர்ப் பீப்பாயோடு மாட்டு வண்டியில் வரும். வழியெல்லாம் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே வந்தால் பாதியாவது உயிரோடு வந்து சேரும். பங்களாவில் ஒரு கண்ணாடித் தொட்டி. மலைக்குளிரில் விறைக்காமல் இருக்கப் பக்கத்தில் கரியடுப்பு. இரண்டுக்கும் நான் காவல். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி வெட்டி என் தோள் கழன்றிருந்த காலம் அது. துரை போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "பெரிய மீன் செத்தா, நீ திரும்ப கவ்வாத்து போ."

பெரட்டு

விடியற்காலை பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுப்பார்கள். வந்தவனுக்கு அன்றைய பேர் விழும். பேர் விழுந்தால்தான் கூலி. ஆம்பிளைப் பேருக்கு ஒரு கூலி, பொம்பிளைப் பேருக்கு அதைவிடக் குறைவு, பிந்தி வந்தவனுக்கும் பொடியனுக்கும் அரைப்பேர். இந்தச் சட்டத்தைத் துரை மீனுக்கும் நீட்டிவிட்டார். தினமும் தொட்டிக்கு முன் நின்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நான் காட்ட வேண்டும்.

சிவப்பு உடம்பும் முட்டைக் கண்ணுமாக ஒரு மீன் இருந்தது. அந்தச் சண்டாளன் வெளிச்சம் வந்ததும் பொந்துக்குள் போய்விடுவான். அவன் வராத நாளெல்லாம் எனக்கு அரைப்பேர். பெரிய கங்காணியிடம் போய் அழுதேன். அவர் குனிந்து பொந்தைப் பார்த்தார். "ராவெல்லாம் சுத்திட்டு பெரட்டு நேரத்துல தூங்குறானா? அப்ப இவன் நம்ம மேட்டு லயத்து வீட்டு ஆளுதான்டா!"

கம்பளி

கிளிமூக்கு வைத்த பச்சை மீன் ஒன்று பகலெல்லாம் பாறையைக் கடித்து மென்று மணலாகப் போட்டுக்கொண்டிருக்கும். விளக்கு வைத்ததும் வாயிலிருந்து வழுவழுப்பாக ஏதோ கக்கி, உடம்பைச் சுற்றிப் பை மாதிரி மூடிக்கொண்டு தூங்கும். பார்த்த பங்களா சமையல்காரர் அப்பு கரண்டியும் கையுமாகச் சொன்னார்: "கங்காணி காலப் புடிக்காம கம்பளி கிடைக்கிற ஒரே உசிரு இந்தத் தோட்டத்துல இதுதான்."

சவரத் தொழிலாளி

நீலத்தில் கறுப்புக் கோடு போட்ட விரல் நீள மீன் இன்னொன்று. பெரிய மீன்கள் அதன் முன்னே வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். இது உள்ளே புகுந்து அழுக்கையும் பூச்சியையும் கொத்தித் தின்று வெளியே வரும். யாரும் அதை விழுங்குவதில்லை. துரைக்குச் சவரம் செய்ய வந்த முனியாண்டி கத்தியைத் தீட்ட மறந்து நின்றுவிட்டார். "நம்ம ஆளுதாண்ணே. ஆனா அவன் வாய்க்குள்ளயே போய் தொழில் பாக்குறான், எனக்குத் தொரை கன்னத்தத் தொடவே கை நடுங்குது."

விசிறி

தொட்டால் எரியும் கடல் பூ ஒன்றுக்குள் மூன்று மீன்கள் குடியிருந்தன. கறுப்பும் மஞ்சளும், நடுவே வெள்ளைப் பட்டை. மற்ற மீன் பட்டால் சாகும் அந்தப் பூ இவற்றுக்கு மட்டும் பஞ்சு மெத்தை. பெரியதற்குத் துரைசாணி என்று துரையே பெயர் வைத்தார்; நிபந்தனையில் அவர் சொன்ன பெரிய மீனும் இவள்தான். அடுத்தது அவள் புருஷன், கடைசி பொடியன். துரைசாணி முட்டையிட்டுவிட்டு ஊர் சுற்றப் போய்விடுவாள். புருஷன்தான் செட்டையால் விசிறிக்கொண்டு காவல் இருப்பான்.

சோறு கொண்டுவந்த என் பெண்சாதி மீனாட்சி அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "ஏங்க, நம்ம அஞ்சு புள்ளைக்கும் சேத்து நீங்க ஒரு தடவயாவது விசிறியிருக்கீங்களா?"

துரைசாணி

துரை லீவில் சீமைக்குப் போனார். அவர் போன கொஞ்ச நாளில் துரைசாணி வயிற்றைக் காட்டி மிதந்தாள். மழைக்காலம், மட்டக்களப்பில் தோணியே இறங்கவில்லை, மாற்று மீனுக்கு வழியில்லை. கவ்வாத்துக் கத்தி கண்ணுக்குள் ஆடியது.

புருஷன்காரன் துக்கம் காத்ததாகத் தெரியவில்லை. மளமளவென்று பெருத்தான். பொடியனைக் கடித்து விரட்டினான். கடைசியில், சொன்னால் நம்பமாட்டீர்கள், முட்டை போட்டான்! பொடியன் பக்கத்தில் நின்று விசிறினான். கங்காணியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் என் வாயை மோந்து பார்த்தார்.

துரை திரும்பி வந்து கங்காணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெரட்டு எடுத்தார். "தொரசாணி இருக்கு. புருஷன் இருக்கு. பொடியன் எங்கே?"

வாய் கூசாமல் உண்மையைச் சொன்னேன். "தொரசாணி செத்துப்போச்சுங்க தொரை. புருஷன்தான் தொரசாணி ஆயிட்டான். பொடியன் புருஷனாயிட்டான்."

துரை முகம் சிவக்கச் சிரித்தார். பொடியனை நான் தொலைத்துவிட்டுக் குடித்துவிட்டு உளறுகிறேன் என்பது அவர் தீர்ப்பு. தொலைந்தது பொடியன்தானே, அதனால் அன்றைக்கு அரைப்பேர். தொட்டி வேலை என்னிடமே இருக்கட்டும் என்றார். வெளியே வந்து அந்த அரைப்பேருக்காக நான் முணுமுணுத்தபோது கங்காணி என் தலையில் குட்டினார். "நீ சொன்னது நெசம்னா, ஆம்பளப் பேர விட்டுப் பொம்பளப் பேருக்கு எறங்கி ஒன்னயக் காப்பாத்தியிருக்கான்டா அந்த மீனு, நீ அரைப்பேருக்கு அழுவுற!"

பொய் சொல்லிப் பிழைத்தவர்கள் எந்தத் தோட்டத்திலும் உண்டு. உண்மையைச் சொல்லி, அதை ஒருவரும் நம்பாததால் பிழைத்தவன் நான் ஒருவன்தான்.