மதினியைவிடப் பத்து ரூபாய் அதிகம்

"படிச்ச கையில துட்டு நிக்காதுட்டி. மாசாமாசம் உன் மதினிகிட்ட குடு, அவ சேத்து வைப்பா."

அம்மா இதைச் சொன்னபோது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அடுப்பில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் மனைவி வாசலில் உட்கார்ந்து, தேயிலை கட்டும் சாக்கின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்ததில் அவள் சிரிப்பு மறைந்துவிட்டது. மறைக்காமல் சிரித்திருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிவரை போனவள் நான் ஒருத்திதான். மூணாறுக்கு மேலே, எஸ்டேட் லயத்தில், ஒரே சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிற வீடுகளில் ஒன்று எங்களுடையது. அங்கே மலையாளத்தில் வருகிற நோட்டீஸ், ஆங்கிலத்தில் எழுதின ஆஸ்பத்திரிச் சீட்டு, ரேஷன் அட்டை எல்லாம் என் கைக்குத்தான் வரும். நான் படித்துச் சொல்லும்வரை அம்மா எதிலும் கையெழுத்துப் போடமாட்டாள். அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. அது எனக்கே உரியது என்று நினைத்திருந்தேன்.

மதினி வண்டிப்பெரியார் பக்கத்திலிருந்து வந்தவள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், அண்ணனைக் கட்டி இங்கே வந்ததும் எங்கள் எஸ்டேட்டிலேயே இலை பறிக்கச் சேர்ந்தாள். கல்யாணமாகி ஆறு மாதத்துக்குள் அம்மாவின் சுருக்குப்பை அவள் இடுப்புக்குப் போய்விட்டது. அரிசி எங்கே வாங்குவது, யாருக்கு மொய் எவ்வளவு, எல்லாம் அவளிடம்தான் கேள்வி. காரணம் ஒன்றுதான். வந்த நாளிலிருந்து அவள், வீடு வீடாக வந்து சேமிப்புக் காசு வாங்கிப்போகும் கலெக்‌ஷன் அக்காவிடம் தினமும் முப்பது ரூபாய் போட்டு வந்தாள். அந்தக் காசில் முதல் பொங்கலுக்கு ஒரு மிக்ஸி வாங்கினாள். லயமே வந்து பார்த்துவிட்டுப் போனது. நான் பட்டம் வாங்கிவந்த அன்று இத்தனை பேர் வரவில்லை.

இது மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். அம்மாவும் எஸ்டேட்டில் இலை பறிக்கிறவள்தான், இரண்டு வருஷத்தில் ஓய்வு பெற வேண்டும். வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். வேலை போனால் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டில் வேறு யாராவது நிரந்தரத் தொழிலாளியாக இருந்தால் அவர் பேருக்கு மாற்றிக்கொள்ளலாம். அண்ணன் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறான். நான் டவுனில் ஏலக்காயும் சாக்லேட்டும் விற்கிற கடையில் பில் போடுகிறேன். மதினிதான் நிரந்தரம். அதாவது நான் பிறந்த வீடு அவள் பேருக்குப் போகும்.

"நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க, படிச்ச புள்ள?" என்றாள் மதினி. "வீடு எம்பேருக்கு வந்தா என்ன, உனக்கு ஒரு மூலை இல்லாமலா போயிரும்?"

அன்பாகத்தான் சொன்னாள். அந்த மூலை என்ற சொல் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவிடவில்லை. பேர் மாறுவதற்கு முன்னால் டவுனில் ஒரு அறை பிடித்து, முன்பணத்தை என் கையால் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

முடிவு செய்வது சுலபம். என் சம்பளம் மதினியின் கூலியைவிட அதிகம்தான். மாதக் கடைசியில் மிச்சத்தை ஒதுக்கலாம் என்று நினைத்தேன். மிச்சம் என்று ஒன்று வந்ததே இல்லை. காசு போனுக்குள் இருந்தது. டீக்கடையில் போனை நீட்டினேன், துணிக்கடையில் நீட்டினேன், மழை வந்தால் பஸ்ஸுக்கு நிற்காமல் ஆளுக்கு இவ்வளவு என்று ஏற்றிப்போகும் டிரிப் ஜீப்பில் ஏறி அங்கேயும் நீட்டினேன். கையை விட்டு எதுவும் போவதாகவே தெரியவில்லை.

கலெக்‌ஷன் அக்கா கூட்டுறவுச் சங்கத்துக்காகத் தினவசூல் செய்கிறவள். மத்தியானத்துக்கு மேல் டவுன் கடைகள், பொழுது சாய்ந்தால் எங்கள் லயம். கையில் சின்ன மெஷின். காசை வாங்கிச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பாள். ஒருநாள் எங்கள் கடைக்குள் வந்தபோது நானும் கணக்குத் தொடங்க வேண்டும் என்றேன்.

"தினம் எவ்வளவு மோளே?" என்று மகளைக் கூப்பிடுவது போல மலையாளம் கலந்து கேட்டாள்.

மதினி முப்பது போடுகிறாள். நான் இருநூறு என்றேன். பக்கத்து பில் கவுண்டரில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே இன்னொரு நூறு சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

முதல் வாரம் ராணி மாதிரி கொடுத்தேன். இரண்டாவது வாரம் பாதி நாள் கொடுத்தேன். அதற்குப் பிறகு, அக்காவின் குடை வாசலில் தெரிந்ததும் பின்னறைக்குப் போய் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொள்வேன். கடைக்காரர்கள் எல்லாரும் பத்தும் இருபதும் கொடுத்து அனுப்புகிற சத்தம் கேட்கும். தும்மல் வரும், மூக்கைப் பிடித்துக்கொள்வேன்.

ஒருநாள் அக்கா பின்னறைக்கே வந்துவிட்டாள்.

"இங்கே ஏதும் கலெக்‌ஷன் உண்டா?" என்று மூட்டையைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னைக்குக் கையில இல்லக்கா."

"நேத்தும் இல்லை. உன் மதினி காய்ச்சலா கிடந்தப்போகூடத் தலையணைக்கடியில எடுத்து வச்சிருந்தா."

"அவங்க முப்பதுதானே போடுறாங்க!"

"ஆமா, முப்பதுதான். தினமும் போடுறா."

அவள் போன பிறகு ரொம்ப நேரம் எரிந்தது. ஒன்று மட்டும் புரிந்தது. இருநூறு ரூபாய் பக்கத்து பில் கவுண்டர் பெண்ணுக்காகச் சொன்னது. அறை எனக்காக வேண்டும். மறுநாள் நானே அக்காவைக் கூப்பிட்டுத் தொகையை மாற்றினேன். முப்பதாக்கலாமா என்று கேட்டாள். "நாற்பது" என்றேன். மதினியைவிடப் பத்து ரூபாயாவது கூட இருக்க வேண்டும். அதில் என்னால் இறங்கி வர முடியவில்லை.

நாற்பது எங்கிருந்து வந்தது என்றால், சாயங்கால டீயும், பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியும் போயின. ஜீப்பை விட்டு அரைமணி நேரம் காத்திருந்து பஸ் பிடித்தேன். போனில் இருக்கிற காசு போய்விடும் என்பதால், காலையில் போனிலிருந்து நாற்பதைக் கடைக் கணக்குக்கு அனுப்பிவிட்டு முதலாளியிடம் நோட்டாக வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். பையில் போட்ட காசை எனக்குரியதாக நினைக்கக் கூடாது. இது முதலில் கஷ்டமாக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் பழம்பொரி வாசனை வரும்போதெல்லாம் மதினியின் மிக்ஸியை நினைத்துக்கொள்வேன். உடனே பசி போய்விடும். சேமிக்கிற பழக்கம் வருவதற்கு ஆளுக்கு ஒரு வழி இருக்கும். எனக்குப் பொறாமைதான் வழியாக வந்தது. வேறு எதுவும் அத்தனை தவறாமல் தினமும் வந்திருக்காது.

சேதி மதினிக்கும் போயிற்று. "பத்து ரூவா கூடவாமே? ஏ யப்பா, பேங்க்காரம்மா! எங்களுக்கும் ஏதாவது லோன் குடுங்க" என்று லயத்து வாசலில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். நான் தட்டைக் கழுவிக்கொண்டே, "ஜாமீனுக்கு ஆள் கூட்டிட்டு வாங்க மதினி" என்றேன். அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

மழைக்காலத்தில் அண்ணனுடைய ஜீப்பின் கிளட்ச் போயிற்று. பத்து நாளாக ஓட்டமில்லை. மதினி தன் கணக்கை முடித்து மொத்தப் பணத்தையும் எடுத்துக் கொடுத்தாள். அம்மா லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்: "சாமி மாதிரி வந்து நின்னா எம் மருமவ."

என் கணக்கிலும் பணம் இருந்தது. அவளுடையதைவிட வெகுவாகக் குறைவுமில்லை. யாரும் என்னிடம் கேட்கவில்லை. இருக்குமா என்றுகூட விசாரிக்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா, தெரியாது. அவள் சேர்த்தது எனக்கு எரிந்தது போலவே அவள் செலவழித்ததும் எரிந்தது. அடுத்த நாள் அக்கா வந்தபோது, நாற்பதை எடுத்து நீட்டினேன்.

ஒரு வருஷம் தாண்டிக் கணக்கு முதிர்ந்தது. டவுனில் சர்ச்சுக்குக் கீழே ஒரு அறை, சின்னச் சமையலறை, பொதுக் குழாய். முன்பணத்தைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சொன்னேன்.

அம்மா வாய் திறந்ததும் கேட்டது: "மதினிகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"எதுக்கும்மா கேக்கணும்?"

மதினி வேலையிலிருந்து வந்து ரப்பர் செருப்பின் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். எந்தத் தெரு, தண்ணி எத்தனை மணிக்கு வரும், சன்னல் இருக்கா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கிண்டல் எதுவும் வரவில்லை. ரசீதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த வீடு எம்பேருக்கு வந்தா, நான் கெழவியாகி வேலை முடியிற வரைக்கும் இலை பறிச்சாத்தான் எல்லாரும் இங்க இருக்கலாம்" என்றாள். "நான் நின்னுட்டா எல்லாரும் வெளிய போகணும். நீ பாட்டுக்குச் சாவிய வாங்கிட்டுப் போற."

அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். ஒன்றரை வருஷமாகக் கண்ணாடியில் நான் பார்த்தது. எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுத ஆசைதான். பாவமாகவும் இருந்தது. ஆனால் முதலில் இனிப்பாகத்தான் இருந்தது. அந்த வீட்டில் அவள் பார்த்துப் பொறாமைப்பட என்னிடமும் ஒன்று இருந்தது.

அம்மா கஞ்சியை ஊற்றி முதல் கிண்ணத்தை மதினிக்கு வைத்தாள். இரண்டாவதுதான் எனக்கு.

ஓய்வு பெற்ற பிறகு அம்மா யாரோடு இருப்பாள் என்பதைப் பற்றி வீட்டில் இதுவரை யாரும் பேசவில்லை. மதினியோடுதான் என்று எல்லாருக்கும் தெரிந்த மாதிரி இருக்கிறது. என் அறையில் ஒரு கட்டில்தான் போடலாம். இரண்டு அறை உள்ள வீட்டுக்கு முன்பணம் இதைவிட இரண்டு மடங்கு. நேற்று கலெக்‌ஷன் அக்கா கடைக்கு வந்தபோது புதுக் கணக்கு தொடங்கச் சொல்லி, முதல் அறுபது ரூபாயைக் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டேன்.