நல்ல பெயர் மட்டும் வாங்கிய ரயில்

சின்னவள் செய்த வீடியோ கேமைப் புகழ ஆளிருந்தது, வாங்கத்தான் ஆளில்லை. ரயில் நிலையத்தின் சிக்னல் அறையில் உட்கார்ந்து, வண்டிகள் மோதாமல் தண்டவாளங்களை மாற்றிவிட வேண்டும். எப்படி என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள், நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். ஆடியவர்கள் ஆளுக்கு ஒன்று வாங்கியிருந்தால்கூடக் கொஞ்சம் தேறியிருக்கும். அவர்களுக்கெல்லாம் இவளே இலவசமாக அனுப்பியிருந்தாள்.

அண்ணன் வீட்டுப் பின்னறைதான் அவள் தொழிற்சாலை. இந்த கேம் போகவில்லை என்றால் அறையைக் காலி செய்துவிட்டு, வங்கிகளுக்கு ஆப் செய்யும் கம்பெனியில் சேர்ந்துவிடுவதாக அண்ணனிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்கு அண்ணன் வைத்த கெடு முடியப் போகிறது. வேறொருத்தியாக இருந்தால் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இவளுக்கோ அழுகையைவிட, ஏன் விற்கவில்லை என்ற கேள்விதான் மண்டையைக் குடைந்தது.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கேமைச் சோதித்துப் பார்க்க ஒருவரை விளையாட உட்காரவைத்தால், செய்தவர் வாயைத் திறக்காமல் பின்னால் நிற்க வேண்டும். அவளும் பலரை அப்படி உட்காரவைத்தவள்தான். ஆனால் வந்தவர்கள் அத்தனை பேரும் புதிர்ப் பைத்தியங்கள். “இன்னும் கஷ்டமாக்கு” என்பார்கள், இவளும் குஷியாக ஆக்கிக் கொடுப்பாள். இந்த முறை அண்ணியைப் பிடித்து உட்காரவைத்தாள். அண்ணிக்குப் பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை, அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள்.

கேமை விற்கும் பக்கத்தை முதலில் திறந்து காட்டினாள். உச்சியில் ஒரு விமர்சகரின் வரி, கொட்டை எழுத்தில்: ‘இரக்கமே இல்லாத விளையாட்டு!’

அண்ணி படித்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். “வேணாம்மா.”

வழக்கத்தை மறந்து சின்னவள் வாயைத் திறந்தாள். “அண்ணி, அது பாராட்டு!”

“பாராட்டா? நாள் பூரா டாக்டர்கிட்டயும் பல் வலிக்காரங்ககிட்டயும் திட்டு வாங்கிட்டு வர்றேன். வீட்டுலயும் இரக்கமில்லாத ஒண்ணு எதுக்கு? அதான் உங்கண்ணன் இருக்காரே.”

சின்னவளுக்குச் சுருக்கென்றது. அந்த வரியை அங்கே ஒட்டியது அவளேதான். புதிர்ப் பைத்தியங்களின் கூட்டத்தில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. கூட்டத்துக்கு வெளியே அதை யார் எப்படிப் படிப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

“ஒரே ஒரு வண்டி, எனக்காக” என்று கெஞ்சினாள். அண்ணி வேண்டாவெறுப்பாகத் திரையில் தண்டவாளத்தை மாற்றும் ஒரு நெம்புகோலை இழுத்தாள். இரண்டு வண்டிகள் முட்டிக்கொண்டன. “அடப்பாவி!” என்று சிரித்தாள். மறுபடி இழுத்தாள். அப்புறம் சிரிக்கவில்லை, முன்னால் குனிந்துகொண்டாள். மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம்கூட அவள் காதில் விழவில்லை. சின்னவள்தான் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினாள்.

திரும்பி வந்தவள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கேட்டாள். “உண்மையச் சொல்லுங்க அண்ணி. நான் யாரோன்னா, இத வாங்கியிருப்பீங்களா?”

அண்ணி யோசித்தாள். “மாட்டேன்.”

“இவ்வளவு பிடிச்சுமா?”

“பிடிக்கும்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?”

இத்தனை விமர்சனங்களில் ஒன்றுகூட இதைச் சொல்லவில்லை. அவளுக்கு வலித்தது. கூடவே, தேடிய விடை கிடைத்துவிட்ட சந்தோஷமும் வந்தது. அதை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது.

அன்றே அந்த வரியை எடுத்துவிட்டு, கேமில் வரும் முதல் ரயில் நிலையத்தை மட்டும் யாரும் காசில்லாமல் விளையாடிப் பார்க்கலாம் என்று மாற்றினாள். அங்கொன்றும் இங்கொன்றுமாக விற்றது. கெடுவைத் தள்ளிவைக்க அது போதவில்லை. சொன்ன சொல் தவறாமல் வேலையில் சேர்ந்தாள்.

முதல் நாள் முடிந்து வந்தபோது பின்னறை காலியாகியிருந்தது. கம்ப்யூட்டர் கூடத்துக்கு வந்திருந்தது. எதிர்வீட்டுக்காரி மாவுக் கையோடு நெம்புகோலை இழுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சின்னவள் எட்டிப் பார்த்தாள்.

“எந்த வண்டிய முதல்ல விடணும், நீயாவது சொல்லேன்” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

“அவ சொல்ல மாட்டா” என்றாள் அண்ணி. “நீங்களே கண்டுபிடிங்க, அப்பதான் பிடிக்கும்.”