திரை அணைந்த கணினி

என் சித்தப்பாவுக்கு உலகத்தில் இரண்டே பகை: கேட்காமலே வந்து குதிக்கும் விளம்பரங்கள், அவசரத்தில் மட்டும் படுத்துக்கொள்ளும் பிரிண்டர். கொத்தமங்கலத்தில் ஓட்டலாக மாற்றியிருந்த ஒரு பழைய பெரிய வீட்டில் அறைப் பதிவு பார்த்துவந்தார். காரைக்குடியில் எங்களோடுதான் இருந்தார். வீட்டுக் கணினியில் இருந்ததை அழித்துவிட்டு லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றிய அன்று அவர் கால் தரையில் பாவவில்லை.

"இது ஓசிங்கிறதுக்காகச் சொல்லல மதினி. உள்ள என்ன நடக்குதுன்னு யாரு வேணும்னாலும் தொறந்து பாக்கலாம்" என்றார் அம்மாவிடம். தன் ஜெபப் பாடல்கள் எங்கே போயின என்பதுதான் அம்மாவின் கவலை.

நான் நாலாம் வகுப்பில் இருந்தேன். ஒருநாள் மழை பிடித்துக்கொள்ள, பள்ளியை மதியமே விட்டுவிட்டார்கள். அம்மா மாதா கோயிலில் பீடத்துக்குப் பூ வைக்கப் போயிருந்தாள். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே நுழைந்தபோது பின்னறையில் யாரோ பேசுவது கேட்டது.

ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை. தமிழ்தான், ஆனால் ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், மூச்சே விடாமல், தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவது போலிருந்தது. அது என் பெயரைச் சொன்னது. பிறகு "புது நன்மை" என்றது; நான் முதன்முதலாக நற்கருணை வாங்கிய நாள் அது. பிறகு "அப்பா அடக்கம்" என்றது. சித்தப்பாவின் அப்பாவை, என் தாத்தாவை, அடக்கம் செய்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

கதவிடுக்கில் பார்த்தேன். ஜன்னல்கள் மூடிக் கிடந்தன. கணினித் திரை கறுப்பாக இருந்தது. அதன் முன்னால் சித்தப்பா கண்களை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் விரல் அசையும்போதெல்லாம் அந்தக் குரல் பேசியது. திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து வாசலுக்கு வந்து, மழையில் கோயிலுக்கு ஓடினேன்.

அம்மா மந்திரித்த தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். அறையில் ஆள் இல்லை. திரை அப்படியே இருண்டிருந்தது. தைரியமாகக் கிட்டே போன அம்மாவின் கை விசைப்பலகையில் பட்டுவிட்டது.

"அழிக்கவா?" என்றது குரல்.

"சேசுவே!" என்று அம்மா பாட்டிலைக் கவிழ்த்துவிட்டாள்.

கொல்லையிலிருந்து சித்தப்பா ஓடிவந்தார். "என்ன மதினி, கீபோர்டுக்கு ஞானஸ்நானமே குடுத்துட்டீக! திரையில இருக்கறத வாசிச்சுச் சொல்ற வசதி இது. ஃபோட்டோ போட்டு வச்சிருக்க ஃபோல்டர் பேரத்தான் வாசிச்சிருக்கு. சும்மா போட்டுப் பாத்தேன்."

"நல்லாப் போட்டுப் பாத்தீக தம்பி. புள்ள நடுங்கிப் போய் நிக்கிறா."

"திரை ஏன் சித்தப்பா இருட்டா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

துண்டால் துடைத்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது. "கரண்டு மிச்சமாகும்ல" என்றார்.

அம்மா பேய் ஓட்டிய கதையைப் பல மாதம் உறவினர் வீடுகளிலெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள். சொன்னவர்களில் முதல் ஆள் சித்தப்பாதான். அவர் கண் மூடியிருந்ததை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு அவர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டார். இருட்டுத் திரை, மூடிய கண், ஓடும் விரல்கள், சத்தமே இல்லாத அறை. குரல் கேட்ட நாளைவிட அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அந்த அறைப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

அவருடைய பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது, இனி அதை நிறுத்த முடியாது என்று மதுரைக் கண் மருத்துவர் சொல்லியிருந்தது அப்போது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். எங்களிடம் சொல்ல அவருக்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது.

அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் என்னை ஜன்னலோரம் கூப்பிட்டார். "இங்குட்டு வா. இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்கு வா" என்றார். என் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்து, நான் புதுக் கவுனின் கையால் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டேன்.